ஸ்பீக்கர் கொஞ்சம் கரகர

— பெயின்ட் அடிச்சிக்கீறானா பாரு மனோ. நகத்தால சொரண்டிப் பாரு.

— அண்ணா, அண்ணா! சொரண்டாதீங்க! அது போனுண்ணா, கதவு இல்ல.

— சொரண்டினாதாம்பா தெரியும். எனக்கு ஒருத்தன் பழைய தறிக்குப் பச்சை பெயின்ட் அடிச்சி, புதுசு மாதிரின்னு தள்ளிவுட்டான். ரெண்டாம் நாளே ஷட்டில் பறந்து போய் பக்கத்து ஊட்டு ஜன்னலை ஒடச்சிடுச்சி.

— தறியா? அப்ப நீங்க நகரியாண்ணா?

— ஏம்மே மனோ, இன்னா இவன் ஜோசியம் சொல்றான்!

— இதுல ஜோசியம் என்னாக்கா இருக்கு? அண்ணன் பேசறதுலயே தெரியுது. மலையடியில அலிபிரி வரைக்கும் கேட்டிருக்கும்.

— கோச்சிக்காத தம்பி. தறிக் கொட்டாயில கத்திக் கத்தி அவரு தொண்டை அப்படியே ஆயிடுச்சி. நீ எந்த ஊரு? தமிழ் நல்லா பேசறியே.

— கடை திருப்பதியிலதானேக்கா. வர்றவங்க எந்த பாஷையில பேசினாலும் அந்த பாஷையில பேசிடுவோம். பேரு ரமணா. சரி, இதை சூடண்டி, பாருங்க, மஞ்சி பீஸு, நல்ல பீஸு. ரீஃபர்பிஷ்டு போனு. அப்படின்னா என்னான்னா...

— தெரியும், தெரியும். எவனோ துன்னுட்டு வெச்ச எச்சில் தட்டைக் கழுவிக் குடுக்கறது.

— இன்னாங்க நீங்க! நம்ம கொட்டாயில ஓடற தறியெல்லாம் இன்னா புதுசா? பம்பாய் பக்கம் பிவண்டியில எவனோ ஓட்டித் தேய்ச்சிட்டுப் போட்டதுதானே? அதுல நெய்யற லுங்கியை எச்சில் லுங்கின்னு சொல்லியா விக்கறீங்க?

— அது வேற, இது வேற.

— எப்படி வேற?

— தறின்னா கை வெச்சா தெரியும்மே. எந்த பேரிங் போச்சி, எந்த போல்ட் லூசுன்னு அதுவே சொல்லும். இத்துல எங்க கை வெக்கறது? வழவழன்னு சோப்புக் கட்டி மாதிரி கீது.

— அண்ணா, நாங்க எல்லாத்தையும் தொறந்து பாத்து, கெட்டதை மாத்தி, பேட்டரி புதுசு போட்டுத்தான் குடுக்கறோம். ஆறு மாசம் கேரண்டி. பில்லு உண்டு. திருட்டு மாலு கடைக்குள்ளயே வராது. இருங்க, மேல ரேக்குல இன்னும் நாலு பீஸ் இருக்கு, எடுக்கறேன். எத்தனை ஜிபி வேணும்ணா?

— ஞாயித்துக்கிழமை.

— ஜிபிண்ணா, ஜிபி. எவ்ளோ வேணும்?

— அதான் சொன்னேனேப்பா, ஞாயித்துக்கிழமைதான் எங்களுக்கு லீவு. மத்த நாள்ல கடைக்கு எங்க வர்றது?

— தம்பி, நீ அந்தப் பக்கம் திரும்பிக்கினு பேசினா அவருக்கு... அதாவது, அவரு வேற நெனப்புல கீறாரு. அந்த ஜிபி எல்லாம் எங்களுக்குத் தெரியாது. வீடியோ கால் தெளிவா வரணும், அவ்ளோதான்.

— வீடியோ கால் யாருக்குக்கா?

— பொண்ணுக்கு. பிரித்திகான்னு பேரு. வரதய்யபாளையம் பக்கம் ஒரு கம்பெனியில வேலை கெடச்சி, ஆஸ்டல்ல தங்கிக்கினு கீறா.

— பொண்ணுக்கெல்லாம் இல்லப்பா! நூல் ரேட்டு பாக்கறதுக்கு. வாட்ஸப்புல வருதாமே இப்ப.

— நூல் ரேட்டு பாக்கறதுக்கு வீடியோ கால் எதுக்குண்ணா?

— நூலுக்கு நான் என் மூஞ்சைக் காட்டுவேன். உனக்கு இன்னா?

— சரிண்ணா, சரிண்ணா. அப்ப இதைப் பாருங்க. போன வருசத்து மாடல். ரெண்டு பக்கமும் ஸ்பீக்கர். பாட்டுப் போட்டா தெருவே திரும்பிப் பாக்கும்.

— எம்மாம் தம்பி?

— ஒம்பதாயிரம்க்கா.

— இரு தம்பி. நாங்க ரெண்டு பேரும் கொஞ்சம் கலந்துக்கிறோம்.

— தாராளமா வெளிய போய் பேசிட்டு வாங்கக்கா.

— வெளிய எதுக்கு? வெயிலு மண்டையைப் பொளக்குது. இங்கயே பேசிக்கிறோம். உன் காதுல ஒண்ணும் விழாது.

— அது எப்படிக்கா?

— தறி ஓடச்சொல்ல கத்தினாலும் எதிர்ல கீறவனுக்குக் கேக்காது தம்பி. அதனால எங்க ஊர்ல உதட்டை மட்டும்தான் அசைப்போம். சத்தமே வராது, ஆனா எல்லாம் புரிஞ்சிடும். வெளியூர்க்காரங்க பாத்தா வெத்தலை மெல்றோம்னு நெனச்சிக்குவாங்க. நீ பாட்டுக்கு உன் வேலையைப் பாரு.

— ஓ, அப்படியா. சரி, பேசிக்கோங்கக்கா.

— (ஒம்பதாயிரமாம் மனோ! திருட்டு முழி. மீசையைப் பாரு, கரப்பான்பூச்சி வந்து ஒட்டிக்கினு கீற மாதிரி.)

— (நீங்க மீசையா வாங்க வந்தீங்க? எதுவரைக்கும் போலாம், அதைச் சொல்லுங்க.)

— (ஆறாயிரம். அதுக்கு மேல ஒரு பைசா கெடையாது. மொதல்ல நாலுன்னு கேளு.)

— (கேக்கறேன். ஆனா உங்களுக்குக் காது கேக்கலன்னு பையன் கிட்ட சொல்லிடறேன். அதுக்கு ஏத்த மாதிரி காட்டுவான்.)

— (வாயை மூடு! எனக்கா காது கேக்கல?)

— (பின்ன? பிரித்திகா போன் பண்ணினா, "நல்லா கீறியா, துன்னியா", அதோட என் கையில குடுத்துட்டுப் போயிடறீங்க. அவ இன்னா நெனச்சிக்கினு கீறா தெரியுமா? வேலைக்குப் போனது நைனாவுக்குப் புடிக்கல, என் மேல கோவம்னு. நம்ம ஊர் அம்மன் ஜாத்திரைக்குக் கூட வரமாட்டேன்னு சொல்லிட்டா.)

— (எனக்கு இன்னாடி கோவம்! அவ பேசறது போன்ல கொயகொயன்னு வருது. மூஞ்சி தெரிஞ்சா ஒரு வார்த்தை விடமாட்டேன்.)

— (இதை அப்படியே அவ கிட்ட சொல்லுங்கன்னுதான் ஆறு மாசமா தலையால அடிச்சிக்கிறேன்.)

— (சொல்லமாட்டேன். செவிட்டு அப்பன்னு ஆஸ்டல் பொண்ணுங்கள்லாம் சிரிக்கறதுக்கா? போனை வாங்கு. மூஞ்சி தெரிஞ்சா அவளுக்கே கோவம் போயிடும்.)

— கலந்துக்கிட்டீங்களாக்கா?

— ஆச்சி தம்பி. ஒம்பது எங்களுக்குக் கட்டாது. நாலுன்னா சொல்லு.

— நாலுக்கு நல்லதா எதுவும் இல்லக்கா. அண்ணா, இப்படி வந்து என் மூஞ்சிக்கு நேரா உக்காருங்க. இங்கதான் ஃபேன் காத்து நல்லா வரும். நான் மெதுவாவே சொல்றேன். ஒம்பதாயிரம் போன் உங்களுக்கு வேணாம். அதுல நீங்க காசு குடுக்கறது ஸ்பீக்கருக்கு. இதோ, இதைப் பாருங்க. அஞ்சாறு வருசத்துப் பழைய மாடல். ஆனா ஸ்கிரீன் பெருசு, கேமரா தெளிவு. எதிர்ல பேசறவங்க உதடு... பல்லு எல்லாம் நல்லா தெரியும்.

— பல்லு தெரிஞ்சா போதும்பா. இப்பதான் நீ ஒழுங்கா பேசற. இதுக்கு முன்னாடி யாரு வெச்சிருந்தது?

— சித்தூர்ல ஒரு லெக்சரர் அம்மா. கீழ போட்டதே இல்ல.

— படிச்சவங்க போனா? அப்ப மரியாதையா நடந்துக்கும்.

— ஒரே ஒரு கொறைண்ணா, மறைக்கமாட்டேன். ஸ்பீக்கர் கொஞ்சம் கரகர. அதனாலயே யாரும் வேணாங்கறாங்க.

— அது ஒண்ணும் பரவால்ல!

— இன்னாங்க பரவால்ல? எனக்குக் காது கேக்குதே!

— ஏன், எனக்குக் கேக்கலன்றியா?

— யாரு சொன்னா? பொதுவா சொன்னேன்.

— அக்காவுக்கு இயர்போன் நான் தர்றேன், அதுல கரகர வராது. சண்டை வேணாம்.

— தம்பி, பழசுன்றியே. இந்த வாட்ஸப் இதுல எம்மாம் நாளைக்கு ஓடும்? திடீர்னு நின்னு போச்சின்னா?

— ரெண்டு மூணு வருசம் ஓடும்னு நெனக்கறேன்க்கா. அதுக்கு மேல நான் சத்தியம் பண்ணமாட்டேன். பேட்டரி காலையில சார்ஜ் போட்டா சாயங்காலம் வரைக்கும் வரும். வீடியோ நெறைய பேசினா அதுவும் வராது.

— (பையன் உள்ளதைத்தான் சொல்றான்.)

— (நம்பாதே. கரப்பான்பூச்சி.)

— அக்கா, சும்மா ஒண்ணு கேக்கறேன். இந்த மீசையை எடுத்துடலாமான்னு பாக்கறேன். நீங்க இன்னா சொல்றீங்க?

— ஐயோ, எதுக்குத் தம்பி! லட்சணமா கீதே!

— ராஜா மாதிரி கீதுப்பா! எடுக்காத!

— சந்தோசம்ணா. இந்தாங்க, போனைக் கையில புடிங்க. வைப்ரேசன் போடறேன்.

— ஆங்! ஓடுதுப்பா! மனோ, நீயும் கை வெச்சிப் பாரு. பேரிங் கெட்டியா கீது. இதை மொதல்லயே காட்டியிருந்தா இம்மாம் பேச்சே வேணாமே. வெலையைச் சொல்லு.

— ஆறு.

— ஆறா?

— (இன்னா மனோ, கரெக்டா ஆறுல வந்து நிக்கறான்!)

— (ஏழுமலையான் புண்ணியம். ஒத்துக்கோங்க.)

— (இரு, இன்னும் கொஞ்சம் அழுத்தறேன்.) அஞ்சுன்னா முடி, இல்லன்னா நாங்க பஸ்சைப் பாத்துக்கினு போறோம்.

— அஞ்சரைண்ணா. ஸ்பீக்கருக்காகத் தள்ளுபடி. ஆனா காசை அப்புறம் எடுங்க. மொதல்ல பொண்ணுக்கு ஒரு கால் போட்டுப் பாருங்க. மூஞ்சி தெளிவா இல்லன்னா போனை இங்கயே வெச்சிட்டுப் போங்க. உங்க சிம்மைக் குடுங்கக்கா, கடை வைஃபையில வாட்ஸப் போட்டுடறேன்... ஆங், ஆச்சி. ரிங் போவுது. புடிங்கண்ணா.

— வந்துட்டா! மனோ, இங்க வா, எம்மாம் பெருசா தெரியறா பாரு! பிரித்திகா! ஏய் பிரித்திகா!

— (நைனா, கத்தாத! நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு ரூம்ல எல்லாம் தூங்கறாங்க. உதட்டுல பேசு.)

— (சரி, சரி. துன்னியா? ஏன் இப்படி எளைச்சிட்ட?)

— (துன்னேன். யார் போன் இது? நீயா என் கிட்ட இவ்ளோ நேரம் பேசற?)

— (நம்மளுதுதான். வாங்கப் போறேன். இன்னா அது, கன்னத்துல பரு? வெந்நீர் குடி.)

— (நைனா, ஒண்ணு கேக்கறேன். என் மேல உனக்குக் கோவமா?)

— (கோவமா? சேச்சே! அந்தப் பழைய போன் சரியில்ல. டவரே கெடைக்காது.)

— (அம்மாவுக்கு மட்டும் கெடைக்குதா?)

— (அவ... அவ வாசல்ல நின்னுக்கினு பேசுவா.)

— (சரி நைனா. நீ சொன்னா சரிதான். வெச்சிடறேன்.)

— (ஏய், ஜாத்திரைக்கு...)

— (லீவு கேட்டுப் பாக்கறேன். கெடைக்காதுன்னுதான் நெனக்கறேன்.)

— வெச்சிட்டா, மனோ.

— டவரு! டவராம்! அவ நேரா கேக்கறா, நீங்க அவ மூஞ்சைப் பாத்தே பொய் சொல்றீங்க. ஒரு வார்த்தை, "எனக்குக் காது..."

— ஷ்! கடைக்காரன் கீறான்.

— அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கினு நிக்கறான். ஏன் தம்பி செவுத்தைப் பாத்துக்கினு கீற?

— ஊட்டுக்காரங்க பேசிக்கச்சொல்ல பாக்கக் கூடாதுக்கா. மரியாதை இல்ல.

— பாத்தா மட்டும் உனக்கு இன்னா தெரியப் போவுது? திரும்பு. இந்தா காசு.

— பில்லுக்குப் பேரு சொல்லுங்கண்ணா.

— உமாபதி. நகரின்னு போட்டா போதும், யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

— (பாத்தியா மனோ, எப்படி மடக்கிப் போட்டேன்! ஆறுன்னு வந்தவன் அஞ்சரையில எறங்கிட்டான். பாவம், பையன் வெவரம் பத்தாது.)

— (நீங்க மடக்கினது போதும். பொண்ணு மொகம் வாடிப் போச்சி, அதைப் பாத்தீங்களா? வாங்க, போலாம்.)

— (அண்ணா, கரப்பான்பூச்சி பேசறேன். நானும் உங்க நகரி பக்கம், ஏகாம்பரகுப்பம் தறிக் கொட்டாயில வளந்தவன்தான். எங்க நைனாவும் டவர் இல்ல, டவர் இல்லன்னே சொல்லிக்கினு இருந்தாரு. அவரு போய்ச் சேந்த அப்புறம்தான் அம்மா சொல்லிச்சி, அவருக்குக் காது போயி ரொம்ப நாளாச்சின்னு. அதுவரைக்கும் அவருக்கு என் மேல கோவம்னே நெனச்சிக்கினு இருந்தேன். போனை இப்படிக் குடுங்க, பாப்பாவுக்கு இன்னொரு தரம் போட்டுத் தரேன்.)