ஒலிபெருக்கிக்குத் திரும்பிய குரல்

தலைமை இருக்கையில் அமர்ந்து எங்கள் சொற்களுக்குக் கரை கட்டும் நூலகர் அம்மையார் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் சான்றோர் பெருமக்களே, நாளெல்லாம் உழைத்த களைப்போடும் வந்து வீற்றிருக்கும் தாய்மார்களே, இடம் போதாமல் புத்தக அலமாரிகளில் சாய்ந்து நிற்கும் இளைய தோழர்களே, அனைவரையும் வணங்கி மகிழ்கிறேன்.

பழம்பெரும் நாவல் ஒன்று காட்டும் மனவுறுதியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதன் நாயகி ஒரு படகோட்டி. வெள்ளம் வந்தது, வீட்டைக் கொண்டுபோனது, கணவனைக் கொண்டுபோனது, படகை உடைத்துப் பலகை பலகையாகக் கரையெங்கும் எறிந்தது. அவள் என்ன செய்தாள்? அழுதாள். அழுதுகொண்டே சேற்றில் இறங்கிப் பலகைகளைப் பொறுக்கினாள். கட்டிய படகு கவிழ்ந்தது, மீண்டும் கட்டினாள். ஊர் சிரித்தது, அவள் ஆணி அடித்தாள்.

"கதையில எல்லாம் நடக்கும்" என்று அங்கே ஒருவர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. நியாயம்தான் ஐயா. என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் அக்கா ரயில் நிலைய அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும் என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. ஒரு நாள் காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். பக்கவாதம். உயிர் தப்பியது, நாக்கு மடங்கிப்போனது. ஊருக்கெல்லாம் வழி சொன்ன வாய்க்குத் தண்ணீர் கேட்க வரவில்லை.

"தினமும் சத்தமா வாசிக்கச் சொல்லுங்க," என்றார் பேச்சுப் பயிற்சியாளர். அத்தான் செய்தித்தாளை நீட்டினார். அக்கா அதைத் தள்ளிவிட்டு, அலமாரியிலிருந்த அந்தப் படகோட்டி நாவலைக் காட்டினாள்.

முதல் சொல்லே 'படகு'. வாயில் வந்ததோ 'பதகு'. மறுபடியும் 'பதகு'. எச்சில் வழிந்தது, கண்ணீர் வழிந்தது.

"போதும்மா, நாளைக்குப் பாத்துக்கலாம்," என்றார் அத்தான்.

அவள் தலையசைத்து மறுத்தாள். விரல் அந்தச் சொல்லை விட்டு நகரவில்லை. அடுப்படியில் வாசித்தாள், மொட்டைமாடியில் வாசித்தாள், துணி மடிக்கும்போதும் வாசித்தாள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்த நாவல் மனப்பாடம். பக்கத்து வீட்டுக்காரருக்கும்தான், பாவம். மழைக்காலம் போய் வெயில் வந்தபோது 'படகு' கரை சேர்ந்தது.

வேலைக்குத் திரும்பினாள். மேலதிகாரி நல்லவர். "உள்ள கம்ப்யூட்டர் வேலை தர்றேன்மா. மைக் இனிமே உங்களுக்குக் கஷ்டம்," என்றார்.

அக்கா ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்: "ஒரு தடவை... குடுத்துப் பாருங்க சார். புரியலன்னா... நானே எந்திரிச்சிடறேன்."

நானும் அத்தானும் நடைமேடையில் நின்றோம். ஒலிபெருக்கி கரகரத்தது. பிறகு அந்தக் குரல். முன்புபோல் அது ஓடவில்லை. நிதானமாக நடந்து வந்தது. வண்டியின் பெயர் வந்தது. நடைமேடையின் எண் வந்தது. ஒரு சொல்லும் உடையவில்லை. அத்தான் என் தோளை இறுகப் பற்றிக்கொண்டார்.

அருகில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த பெரியவர் தம் மனைவியிடம் சொன்னார்: "இன்னைக்குத்தான் சொல்றது முழுசாப் புரியுது. யாரோ நல்ல ஆளாப் புதுசாப் போட்டிருக்காங்க."

அவையோரே, உறுதி எங்கே பிறக்கிறது? உடலிலா? உடல் சரிந்துவிட்டது. ஊர் தரும் ஊக்கத்திலா? ஊர் ஓய்வெடுக்கத்தான் சொன்னது. ஒருத்தி தன் உள்ளத்துக்குள் "இன்னொரு முறை" என்கிறாளே, அங்கே பிறக்கிறது. கற்பனையில் எழுந்த ஒரு பெண் கைகொடுக்க, கட்டிலிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அந்த மைக் இன்றும் என் அக்காவுடையது.

செவியோடு நெஞ்சையும் தந்த உங்களுக்கு என் நன்றி. உங்கள் உள்ளமெல்லாம் உரம் பெறட்டும், வணக்கம்.