ஆளுக்குப் பாதி பாஸ்வேர்டு

"என் பாதிய நான் சொல்லமாட்டேன். மொதல்ல உங்கண்ணனச் சொல்லச் சொல்லு."

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் பேருந்தில் எனக்கு முன்னிருக்கைக்காரர் தன் மனைவியிடம் சொன்னார். அவளுக்கு அந்தப் பக்கம் அவளுடைய அண்ணன். ஆண்கள் இருவரும் கூட்டாகப் பட்டாசு லேபிள் அடிக்கும் பிரஸ் நடத்துகிறார்கள் என்பது பேச்சில் புரிந்தது. டிசைனை யாரோ திருடிவிட்டதால், எல்லாவற்றையும் இன்டர்நெட்டில் ஏற்றிப் பூட்டி, பாஸ்வேர்டை ஆளுக்குப் பாதி வைத்துக்கொண்டார்களாம். இப்போது இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"சீசன் ஆர்டர்ண்ணே. பிரஸ்ல மிஷினை நிப்பாட்டிட்டு உக்காந்திருக்காக."

"பூட்டுனது உன் வீட்டுக்காரர் யோசனை," என்றார் அண்ணன், ஜன்னலைப் பார்த்தபடி.

"உங்கண்ணன் வாய்க்குப் பயந்துதான் பூட்டுனதே," என்றார் கணவர்.

அவள் செல்போனை எடுத்தாள். "சரி, ரெண்டு பேரும் என் காதுல சொல்லுங்க. பிரஸ்சுக்கு நான் சொல்லிக்கிறேன்."

இருவரும் மாறி மாறி அவள் காதில் முணுமுணுத்தார்கள். கேட்டுக்கொண்டவள் செல்போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள்.

"போன் போடலயா?" என்றார் அண்ணன்.

"இப்ப முழுசா எனக்கு மட்டும்தான் தெரியும். நீங்க ரெண்டு பேரும் பேசுங்க, அப்புறம் போடுறேன்."

பேருந்து திருத்தங்கலைத் தாண்டியது. பிறகு கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சாப்பிட்டீகளா மச்சான்?"