சோழகக் காற்றில் உருக்கிய ஈயம்

ஈயம் இல்லாமல் வலை நிற்காது சார். வலையின் கீழ்விளிம்பைத் தண்ணீருக்குள் இழுத்துப் பிடிக்க ஈயக்குண்டு வேண்டும். லாரி பேட்டரியிலும் அதே ஈயம்தான். செத்த பேட்டரியை உடைத்து, தகட்டை இரும்புச் சட்டியில் உருக்கி, அச்சில் ஊற்றிக் குண்டு செய்வது என் தொழில். தொண்டிக்குத் தெற்கே பாதி வலைகள் என் குண்டில்தான் நிற்கின்றன.

பனங்காட்டுக்குள் என் கொட்டகை. அதற்குத் தெற்கே என் வீடு, வடக்கே மர்ஜானா வீடு. அவள் புருஷன் ரிஃபாய் சவுதியில் இருக்கிறான். மகள் சுஹாவுக்கு நாலு வயது. தெற்கிலிருந்து சோழகம் வீசும் மாதங்களில் மட்டுமே உருக்குவேன். அப்போதுதான் தீ நன்றாகப் பிடிக்கும் என்று கேட்டவர்களிடம் சொல்லி வைத்திருந்தேன்.

ஆனி மாதம் மர்ஜானா வேலியோரம் வந்து நின்றாள்.

“அண்ணே, புள்ள பேசுன பேச்செல்லாம் மறக்குது. வயித்த வலிக்குதுன்னு சுருண்டு சுருண்டு படுக்குது. ஒங்க பொகையா இருக்குமோன்னு நர்சம்மா சொல்லுது.”

“பூச்சியா இருக்கும் ஆத்தா. மருந்து வாங்கிக் குடு.”

“பூச்சின்னா சரி. ஒங்க பேத்திய இங்கன கொண்டாந்து விடுங்க. ரெண்டும் சேந்து வெளையாடட்டும்.”

வெயிலாக இருக்கிறது என்றேன். உமாமகேஸ்வரியை நான் அனுப்பவில்லை.

ஆவணியில் சுஹாவுக்கு வலிப்பு வந்தது. ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் அடங்கிவிட்டது. அடக்கம் செய்ய எடுத்துப் போனபோது மையவாடி வாசல்வரை நானும் போனேன். மறுநாள் அடுப்பைப் பற்றவைத்தேன். சோழகம் இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

வாக்குமூலத்தில் கவனக்குறைவால் மரணம் என்று எழுதியிருக்கிறீர்கள் சார். மற்றதெல்லாம் சரி. அதற்கு மட்டும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

இந்தத் தொழில் தொடங்கிய முதல் வருஷம் வடக்கிலிருந்து வாடை வீசும்போதும் உருக்கினேன். புகை என் வாசலில் இறங்கியது. என் ஆடுகள் இரண்டும் கண் தெரியாமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டே நின்று செத்தன. கால்நடை டாக்டர் சட்டியைப் பார்த்தார்.

“வேல்சாமி, ஆட்டோட போச்சேன்னு இரு. வீட்ல பச்சப்புள்ள இருக்குல்ல?”

இருந்தாள், என் பேத்தி.

அன்றிலிருந்து வாடையில் ஒரு நாளும் தீ மூட்டவில்லை. சோழகத்திலும் ஒரு பிடி சாம்பலைத் தூவி, அது வடக்கே பறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பற்றவைப்பேன். ஒரு தடவைகூட அதை மறந்ததில்லை. உமாமகேஸ்வரி நன்றாகப் பாடுகிறாள், ஸ்கூலுக்குப் போகிறாள். வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.

என்னிடம் கவனக்குறைவு இருந்ததே இல்லை சார்.