விரிந்த கண்மணி

நாளெல்லாம் நின்றே பழகிய கால் சார், உட்காரச் சொன்னதற்கு நன்றி. பழவங்காடிக்குப் பக்கத்து நர்சிங் ஹோமில் மயக்க மருந்து கொடுப்பது என் வேலை. இதுவரை ஒரு குறை வந்ததில்லை. நாங்கள் போடும் ஊசியில் நோயாளியின் கைகால் அசையாது, வாய் திறக்காது. நினைவை எடுப்பது ஈதர்தான். ஈதர் குறைந்தால் வலி தெரியும், ஆனால் கத்த முடியாது. கண் மட்டும் காட்டிக்கொடுக்கும். வலித்தால் கண்மணி விரியும். இமையைத் தூக்கிப் பார்த்து டாக்டரிடம் சொல்வது என் பொறுப்பு. அவர் கவனமெல்லாம் கத்தியில் இருக்கும், என் வாயைத்தான் நம்புவார்.

செண்பகவல்லி என் தாய்மாமன் மகள். பிறந்தபோதே ஆறுமுகசாமிக்கு, அதாவது எனக்கு, என்று சொல்லிவைத்த முறைப்பெண். அவளுக்கு வயசு வந்ததும் மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மக்கா, மனசுல ஒண்ணும் வச்சுக்காத. கடைக்காரனுக்குக் குடுத்தா அவ நல்லாருப்பா."

அந்தக் கடைக்காரன்தான் தாணுமாலையன். சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடை. தங்கமான மனுஷன் என்பார்கள். இருக்கட்டும். ஒருநாள் கடை வாசலில் அவன் நெற்றி வியர்வையை அவள் முந்தானையால் துடைத்துவிட்டதைப் பார்த்தேன். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

போன மாதம் குடல்வால் வீங்கி அவனைக் கொண்டுவந்தார்கள்.

"அத்தான், நீங்க உள்ள இருக்கீங்கல்லா, எனக்குப் பயமில்ல" என்றாள் செண்பகம்.

டாக்டர் கத்தி வைத்ததும் இமையைத் தூக்கினேன். கண்மணி விரிந்து கண்ணே கறுப்பாகிவிட்டது. காதுப்பக்கம் நீர் வழிந்தது. பஞ்சால் ஒற்றி எடுத்தேன்.

"கண்ணு எங்ஙனெ உண்டு?" என்று கண் எப்படி இருக்கிறதென்று மலையாளத்தில் கேட்டார் டாக்டர்.

"சின்னதாத்தான் இருக்கு டாக்டர்."

தையல் முடியும்வரை அதையேதான் சொன்னேன். நான் அவனை அடிக்கவில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. இமையை மட்டும் அடிக்கடி தூக்கிப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான்.

விழித்ததும், வெட்டினதெல்லாம் தெரிந்தது என்று குழந்தை மாதிரி அழுதான். மயக்கத்தில் வரும் கனவு என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். செண்பகம் என்னைத் தேடி வந்தாள்.

"அத்தான், அவரு எல்லாம் நொந்துதுன்னு சொல்லுகாரு. நெசமா?"

"கனவு புள்ள. நான் பக்கத்துலயே நின்னேம்லா."

அவள் முகம் தெளிந்தது. திரும்பிப் போய் அவனை அதட்டுவது என் காதிலேயே விழுந்தது.

இப்போது அவன் உங்களிடம் புகார் கொடுத்திருக்கிறான். அத்தனையும் நிஜம். ஈதர் தானாகக் குறையவில்லை, நான்தான் குழாயை மூடினேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். செண்பகத்திடம் மட்டும் காட்டிவிடாதீர்கள். கட்டினவன் அழுது சொன்னதை விட்டுவிட்டு அவள் என் பேச்சைத்தான் நம்பினாள். அவள் யாருக்குப் பெண்டாட்டி என்பது அன்றைக்கே தெரிந்துபோயிற்று சார்.