உலகாயதம் படிக்கும் மகள்

சிங்கப்பூர் தேக்காவில் பேருந்து ஏறிய இரண்டு பெண்கள் என் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். மாதா கோயிலில் பூசை முடிந்து வருகிறவர்கள்.

“எம் பொண்ணு சாமியே இல்லங்கிறாக்கா,” என்றார் இளையவர். “யூனிவர்சிட்டில உலகாயதம் படிக்கிறா.”

“அது என்னது?”

“அந்தக் காலத்துலயே இந்தியாவுல சொர்க்கம், நரகம் ஒண்ணும் கிடையாது, செத்தா முடிஞ்சுதுன்னு துணிஞ்சு சொன்னவங்களாம்.”

“நீ திட்டலையா?”

“முதல்ல அழுதேன். ஆனா பொய்யா முட்டி போடாம, எங்கிட்டயே நேரா சொன்னா பாருங்க. அவ வயசுல எனக்கு அந்தத் தைரியம் இல்ல லா.”

“உன்னைய மதிக்கிறாளா?”

“மேல போய்ப் பாத்துக்கலாம்னு விட முடியாதும்மா, இங்கயே உன்னை நல்லா வச்சுக்கணுங்கிறா.”



“நல்லாத்தான் வளத்திருக்க,” என்றார் மூத்தவர்.