மூடி வைத்த பன்னிரண்டு பெட்டிகள்

கோட்டாட்சியர் அம்மா அவர்களுக்கு, உசிலம்பட்டிக்கு மேற்கே தோட்டம் வைத்திருக்கும் விருமாண்டி எழுதுவது.

பூசணிப் பூ விடியலில் விரிந்து பத்து மணிக்குள் சுருங்கிவிடும். அதற்குள் தேனீ வந்து ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவில் சேர்த்தால்தான் காய். இல்லாவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிரும். பருத்திக்கு மருந்தடித்து மருந்தடித்து எங்கள் பக்கம் காட்டுத்தேனீ அற்றுவிட்டது. இருப்பது என் பன்னிரண்டு தேனீப் பெட்டிகள்தான்.

பக்கத்துத் தோட்டம் என் சித்தப்பா மகன் சிவபாண்டியுடையது. என் தேனீயால் அவனுக்குப் பூசணி காய்த்தது. ஊர் அதை அவன் கைராசி என்றது. யார் தோட்டத்திலும் முதல் விதை போட அவனைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் அத்தை மகள் இசைவாணிக்கு மாப்பிள்ளை பேசியபோது நாங்கள் இருவருமே முறைதான். அவள் சிரித்துக்கொண்டே, "கைராசிக்காரருக்கே கட்டி வைங்க" என்றாள். அப்படியே கல்யாணமும் நடந்தது.

அந்தக் கையில் ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் நினைத்தேன். தை மாதம் அவன் கொடி பூத்ததும், தினமும் விடியுமுன் பெட்டி வாசல்களைக் கம்பிவலையால் அடைத்தேன். மேலே ஈரச்சாக்குப் போட்டேன். பத்தரைக்குத் திறந்துவிட்டேன். ஒரு தேனீகூடச் சாகவில்லை.

எட்டாம் நாள் இசைவாணி வரப்பில் நின்று கேட்டாள்: "என்ன மச்சான், ஒங்க தேனீக்கு எங்க பூவு கசக்குதா?"

"பனி அதிகம் புள்ள. வரும்."

பிஞ்செல்லாம் உதிர்ந்தது. ஆனால் சிவபாண்டியின் கையை யாரும் குறை சொல்லவில்லை. அவன் அம்மா செல்லக்கிளி சொன்னார்: "எம்மகன் கை அதே கைதான். புதுசா வந்தது இவ காலுதான." அவன் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நானும்தான். சோறு போட்டது இசைவாணி.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் அவனோடு இருந்துவிடுவாள்.

இருபத்திரண்டாம் நாள் அவளைச் செல்லூருக்கு, தறி ஓட்டும் அவள் அப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஜன்னலோரம் இடம் பிடித்து பஸ் ஏற்றிவிட்டது நான்தான். மறுநாள் பெட்டிகளை அடைக்கவில்லை. ஒரே வாரத்தில் கொடியெங்கும் பிஞ்சு நின்றது. அதைப் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். கீழே ஒன்றும் எழுதவில்லை. தான் போனதால்தான் காய்த்தது என்று நம்பி, அவள் அவனிடம் திரும்பி வராமல் இருக்கட்டும் என்றுதான்.

பார்த்துவிட்டாள் என்ற நீலக் குறி பதினொன்றே காலுக்கு விழுந்தது. மதியம் தறி நின்ற நேரத்தில் அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள்.

கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகாததால் விசாரணை உங்களிடம் வந்திருக்கிறது. வரதட்சணைக் கொடுமை என்று சிவபாண்டியை உள்ளே வைத்திருக்கிறார்கள். அவன் ஒரு குண்டுமணி நகைகூடக் கேட்டதில்லை. ஆனால் அவனைக் காப்பாற்ற இதை எழுதவில்லை. புருஷன் மேல் அம்புட்டு உசுரு, பிரிஞ்சிருக்க முடியாமல் போய்விட்டாள் என்று ஊர் பேசுகிறது. அவனுக்காகச் செத்தாளாம். அதைத்தான் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அவள் செத்தது என்னால் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதிலாவது அவனுக்குப் பங்கு வேண்டாம்.