அக்கா ரோட்டை வரைந்தவன்

மேடையில் வீற்றிருக்கும் நகராட்சித் தலைவர் அவர்களே, முன்வரிசையில் கண்கலங்கி அமர்ந்திருக்கும் மறைந்தவரின் குடும்பத்தாரே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் தெருச் சங்கத்தாரே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். நாற்காலி போதாததற்கு, இந்த அரங்கத்தை வரைந்தவன் என்ற முறையில் வருந்துகிறேன். நான் வரைந்தபோது எதற்கும் இத்தனை பேர் வருவார்கள் என்று யாரும் நினைக்கவில்லை.

எனக்கு முன் பேசியவர்கள், நம் பங்கேற்பு நிதிச் செயலாளர் அம்மையார் மீது தாங்கள் வைத்திருந்த அன்பைப் பற்றிப் பேசினார்கள். மரியாதையைப் பற்றிப் பேசினார்கள். பொறாமையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அந்தப் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

வெளியூரிலிருந்து வந்திருக்கும் உறவினர்களுக்காகச் சொல்கிறேன். எந்தத் தெருவில் கடை, எங்கே வீடு, எங்கே சாலை என்று நகராட்சியின் திட்டப் பிரிவு முடிவு செய்யும். திட்டப் பிரிவு என்றால் நான். அந்த முடிவில் தெருக்காரர்களும் பேசலாம் என்று சட்டம் சொல்கிறது. பேசுவதற்கு ஒரு நிபுணர் வேண்டும், வரைபடம் அச்சிட வேண்டும், அந்த நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், இதற்கெல்லாம் பணம் வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அம்மையார் சொன்னார். விடாமல் சொல்லிச் சொல்லி அந்த நிதியை வாங்கினார். அதாவது, திட்டம் வரைய எனக்குச் சம்பளம் கொடுக்கும் அதே நகராட்சி, அது தப்பு என்று சொல்ல அவர்களுக்கும் பணம் கொடுத்தது. தன் சமையலில் குறை சொல்ல வீட்டுக்காரரே ஆள் வைத்தது உலகத்தில் எந்தச் சமையற்காரருக்காவது நடந்திருக்கிறதா?

அதற்கு முன் என் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் எவ்வளவு அமைதியாக நடந்தன தெரியுமா? நான் பேசுவேன். மின்விசிறி சுற்றும். ஒருமுறை ஒருவர் உள்ளே வந்தார். எழுந்து நின்று வரவேற்றேன். தண்ணீர் வரி எங்கே கட்டுவது என்று கேட்டார். மறுநாள் 'ஆட்சேபம் இல்லை' என்று எழுதினேன்.

அப்படித்தான் பட்டறைத் தெருவையும் எழுதியிருப்பேன். ரயில் நிலையத்திலிருந்து சந்தைக்கு ஒரு சாலை, அந்தத் தெருவின் குறுக்கே, ஒரே நேர்க்கோடு. அழகான கோடு. அதன் கீழே லேத் பட்டறைகளும் வெல்டிங் கடைகளும் அவற்றின் மாடியில் குடும்பங்களும் இருந்தன என்பது கோட்டின் குற்றமில்லை.

நிதி கிடைத்ததும் பட்டறைத் தெருச் சங்கம் ஒரு நிபுணரைத் தேடியது. இந்த ஊரில் நகரத் திட்டமிடல் படித்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவர் என் வகுப்பிலேயே படித்து, என்னைவிட நல்ல மதிப்பெண் வாங்கி, பிறகு என்னைக் கல்யாணம் செய்துகொண்டு வீட்டில் இருந்தவர்.

அலுவலக மாடிப்படிக்குக் கீழே இருந்த அம்மையாரின் அறைக்குப் போனேன்.

"மேடம், வேற ஆளே கிடைக்கலையா?"

"வெளியூர்ல கிடைச்சாங்க சார். அவங்க கேக்கிற காசு நம்மகிட்ட இல்ல. உங்க வீட்டுக்காரங்க உடனே சரின்னுட்டாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே."

"அவங்களும் அதேதான் சொன்னாங்க. நீங்க கோடு போடும்போது யாரைக் கேட்டீங்களாம்?"

விதிகளைப் புரட்டினேன். அதிகாரியின் மனைவி திட்டத்தை ஆதரித்துப் பணம் வாங்கக் கூடாது என்று இருந்தது. எதிர்த்துப் பணம் வாங்குவதை யாரும் கற்பனை செய்திருக்கவில்லை.

அதன்பின் வீட்டில் நான் உள்ளே நுழைந்தால் சாப்பாட்டு மேசையில் வரைபடம் சுருளும். என் மனைவி போனில் அம்மையாரோடு பேசிச் சிரிப்பார். அவருக்கு அப்படிச் சிரிக்க வரும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. பொறாமையாக இருந்தது.

கூட்டம் இதே அரங்கத்தில் நடந்தது. நிரம்பி வழிந்தது. என் வரைபடத்தைத் தரையில் விரித்து, மண்டியிட்டுப் பார்த்தார்கள். வெல்டிங் கடைக்காரம்மா நிமிர்ந்து, "ஸ்கேல் சார், உங்க ரோடு என் மெஷின் மேல ஏறிப் போகுது. கொஞ்சம் எறங்கச் சொல்லுங்க" என்றார். என் பெயர் ஸ்கேல் சார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பூட்டிக்கிடக்கும் கிடங்குக்குப் பின்னால் சாலையை வளைத்து, என் மனைவி ஒரு மாற்று வரைபடத்தை வைத்தார். நல்ல வரைபடம். அதற்கும் பொறாமைப்பட்டேன்.

ஒருவர் என் வரைபடத்தின் ஓரத்தில் விரலை வைத்து, "இந்தப் பச்சைப் புள்ளி என்ன சார்?" என்று கேட்டார். மரம் என்றேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் புள்ளியை வைத்துவருகிறேன். அன்றுதான் ஒருவர் கேட்டார்.

அம்மையார் பின்னால் நின்று எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வாயே திறக்கவில்லை. முடிந்ததும் எல்லோரும் அவரிடம் போய், "ரொம்ப நன்றிக்கா" என்றார்கள். மரம் வைத்தவனிடம் யாரும் வரவில்லை.

சாலை வளைந்தது. பட்டறைகள் பிழைத்தன. அந்த வளைவைக் கடைசியில் வரைந்து கொடுத்தவன் நான். அதன் பெயர் என்ன? அக்கா ரோடு. அம்மையார் என்னைவிட வயதில் சிறியவர்.

மருத்துவமனையில் அவரைப் பார்க்கப் போனேன். மூச்சு வாங்கியது. ஆனாலும் கேட்டார்.

"அடுத்து எந்தத் தெரு சார்?"

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது மேடம்."

"சரி, உங்க வீட்டுக்காரங்கள அனுப்பி வைங்க. அவங்ககிட்ட கேட்டுக்கறேன்."

அந்த ஒரு விஷயத்திலாவது என் மனைவியை நான் முந்திக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. ஆற்றோரத் தெரு என்று சொல்லிவிட்டேன். தலைவர் அவர்கள் இதைக் கேட்காததுபோல் இருக்க வேண்டுகிறேன்.

"அங்க கைக்குழந்தைங்க ஜாஸ்தி சார். பாத்துக்க ரெண்டு ஆளா போடணும்" என்றார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அது.

சற்றுமுன் தலைவர் அவர்கள், இந்த அரங்கத்துக்கு அம்மையாரின் பெயர் சூட்டப்படும் என்றும், அவர் இல்லாத நிலையில் பங்கேற்பு நிதி நிறுத்திவைக்கப்படும் என்றும் ஒரே மூச்சில் அறிவித்தார்கள். நாமும் மொத்தமாகக் கை தட்டிவிட்டோம்.

தலைவர் அவர்களே, நான் ஆட்சேபிக்கிறேன். இந்த அரங்கம் என்னுடையது. ஓய்வுபெறும்போது என் பெயர் வைப்பீர்கள் என்று வாசலுக்கு மேலே பலகைக்கு இடம் விட்டே வரைந்திருக்கிறேன். என் சாலை அவருக்குப் போனது. என் வீட்டுச் சிரிப்பு அவருக்குப் போனது. அரங்கத்தையும் கொடுக்க முடியாது. அவருக்கு வேறு எதையாவது கொடுங்கள். அந்த நிதியையே கொடுங்கள். அவர் பெயரை அதற்கு வையுங்கள். ஆனால் நிறுத்தாதீர்கள்.

நிறுத்தினால் என்ன ஆகும்? அடுத்த மாதம் ஆற்றோரத் தெருவுக்கு இங்கே கூட்டம். நான் பேசுவேன். மின்விசிறி சுற்றும். 'ஆட்சேபம் இல்லை' என்று எழுதுவேன். ஒரு தெரு காணாமல் போகும். முன்பு அதை எழுதிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போவேன். அந்த நிம்மதியையும் அம்மையார் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆகவே அவர் படத்துக்கு முன்னால் உறுதி சொல்கிறேன். அந்த நிதிக்குத் தலைவர் கையெழுத்திடும்வரை ஆற்றோரத் தெரு வரைபடம் என் மேசையைவிட்டு நகராது. நகரும் நாளில், தரையில் விரிக்கும் அளவுக்குப் பெரிதாக அச்சிட்டு நானே கொண்டுவருவேன்.

பின்வரிசையில், இடுப்பில் குழந்தையோடு ஒரு அம்மா கை தூக்குகிறார். ஆற்றோரத் தெரு என்று நினைக்கிறேன். யாராவது அந்தக் குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் உட்காருகிறேன். நீங்க சொல்லுங்கம்மா.